வீடுபேறு

அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கினை அடுக்கி வைத்து, மாந்தன் பெற வேண்டிய பேறுகள் இவையே என்று நமக்குச் சொல்லிவைத்தனர். நான்காவதாகச் சொல்லப்பட்ட அந்த வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், விரல்கள் வானத்தை நோக்கும். கண்டவர் உண்டா? இல்லை. சென்று திரும்பியவர் உண்டா? இல்லை. ஆயினும் அந்த வீட்டுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர். வாயிலில் காவல் நிற்க ஆயிரம் பேர். திறவுகோல் தம் மடியில்தான் இருக்கிறதென்று கூறித் தட்சணை கேட்க மேலும் ஆயிரம் பேர்! வள்ளுவர் முப்பாலோடு நிறுத்திக் கொண்டார். நான்காவதைப் பாடாமல் விட்டது மறதியால் என்று சொல்வார் எவருமில்லை.

வானத்து வீடு வானத்திலேயே இருக்கட்டும். மண்ணின்மீது, செங்கல்லும் சிமிட்டியும் சேர்ந்து எழும்பி நிற்கும் வீட்டைப் பற்றிச் சற்றுப் பேசுவோம். அந்த வீட்டுக்கு அறம் உண்டா? இதுவே நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

"மனிதனுக்கு அறம் உண்டு, மறம் உண்டு. கல்லுக்கும் கம்பிக்கும் அறம் ஏது?" என்று சிரிப்பார் சிலர். சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின், ஏதேனும் ஒரு வீட்டின் வரைபடத்தை விரித்துப் பார்க்கட்டும். எந்த அறைக்குக் காற்று, எந்த அறைக்குப் புழுக்கம். எவர் நுழைய முன்வாயில், எவர் நுழையப் பின்வாயில். எவருக்கு நாற்காலி, எவருக்குத் திண்ணையின் ஓரம். எவள் நாளெல்லாம் புகையில் நிற்க வேண்டும், எவன் கூடத்தில் சாய்ந்திருக்கலாம் — இத்தனையும் அந்தத் தாளிலே கோடுகளாகக் கிடக்கின்றன. கொத்தனார் கரண்டியைக் கையில் எடுக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது! நூலில் எழுதிய தீர்ப்பைப் படித்து மறுக்கலாம். சுவராக எழுதிய தீர்ப்பை மறுப்பது கடினம்; அதனுள்ளேயே நாம் பிறக்கிறோம், அதுவே இயற்கை என்று எண்ணி வளர்கிறோம்.

சென்ற கோடை விடுமுறையிலே, சிங்கப்பூரில் வாழும் நண்பர் இருவரைக் காணச் சென்றிருந்தேன். ஒருவர் என்னோடு கல்லூரியில் பயின்றவர். இன்று அங்கே ஒரு கணக்கு அலுவலகத்தில் பணி புரிகிறார். மற்றவர் என் ஊர்க்காரர், பள்ளித் தோழர், கட்டடத் தொழிலாளி. முதல்வரின் இல்லத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

செங்காங் என்னும் பகுதியில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், பன்னிரண்டாம் மாடியில் அவர் வீடு. 'நான்கறை வீடு' என்பது அங்கே வழங்கும் பெயர். கூடத்தையும் சேர்த்து எண்ணும் கணக்கு அது. ஏறத்தாழ 90 சதுர மீட்டர், நம் வழக்கில் 970 சதுர அடி. அரண்மனை அல்ல, ஆனால் வீணான அடி ஒன்று இல்லை. சமையலறை இருட்டு மூலையில் இல்லை. அகன்ற சன்னலோடு, வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறது. பாத்திரம் கழுவும் இடம், வெட்டும் பலகை, அடுப்பு மூன்றும் இரண்டடி நடந்தால் எட்டும் தொலைவில். நண்பர் காய் நறுக்க, அவர் துணைவியார் தாளிக்க, பிள்ளை கூடத்து மேசையில் பாடம் எழுத, மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருந்தனர். பெண்ணைச் சுவருக்கு அப்பால் தள்ளி வைத்துவிட்டு, ஆடவர் மட்டும் அமர்ந்து உலகை அளக்கும் கூடமாக அது இல்லை.

வியந்தேன். வியப்பதில் குற்றமில்லை. ஆனால் வியப்போடு நின்றுவிடுவது பகுத்தறிவாளர்க்கு அழகாகாது. "ஆகா, என்ன அழகு!" என்பது வழிப்போக்கன் வாய்ச்சொல். "இது எப்படி வந்தது? யாருக்கெல்லாம் வந்தது? யாருக்கு வரவில்லை?" என்று கேட்பதே சிந்தனையாளன் கடன். நானும் கேட்டேன்.

எப்படி வந்தது? வரம் கேட்டு வந்ததல்ல. அந்நகரிலும் ஒரு காலத்தில் மக்கள் தகரத்தின் கீழும் ஓலையின் கீழும் நெருக்கியடித்துக் கிடந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1927இல் அமைந்த நகர மேம்பாட்டு அமைப்பு, 1959 வரை 32 ஆண்டுகளில் கட்டித் தந்தவை ஏறத்தாழ 23,000 வீடுகளே. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அடுத்த ஆண்டு, மே மாதம் 25ஆம் நாள், புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியில் தீ! ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். விதி என்று தலையில் அடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். தெய்வ குற்றம் என்று பரிகாரம் செய்திருக்கலாம். அவர்கள் அடித்தளம் தோண்டினர். ஓராண்டு முடியுமுன்பே அந்த மண்ணிலே அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கின. முதல் ஐந்தாண்டுகளில் அக்கழகம் கட்டியவை 50,000க்கும் மேற்பட்ட வீடுகள். 32 ஆண்டுகள் செய்ததைவிட ஐந்தாண்டுகள் இரு மடங்கு செய்தன! கல் அதே கல், மண் அதே மண், மாறியது மனம்.

எளிதாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1966இல் ஒரு சட்டம் இயற்றி, பொதுப் பயனுக்கென நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. நில உடைமையாளர் பலர் சந்தை விலை பெறவில்லை. 1968 முதல், உழைப்போர் தம் சேமநிதியைக் கொண்டே வீடு வாங்க வழி செய்யப்பட்டது. வீடும் என்றென்றைக்கும் சொந்தமன்று. 99 ஆண்டுக் குத்தகை. குறைகள் கூறுவோர் அங்கேயே உண்டு. ஆயினும் இன்று அந்நாட்டில் குடியிருப்போரில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இந்தப் பொது வீடுகளில் வாழ்கின்றனர் என்பது எவரும் மறுக்கவொண்ணா உண்மை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நம்மிடம் வாஸ்து, சீனரிடம் அதற்கு அண்ணன் முறையில் ஒரு சாத்திரம், பெங் சூயி என்று பெயர். இங்கே அக்கினி மூலை, அங்கே காற்றும் நீரும்! நண்பரின் கட்டடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே வார்ப்பில், ஒரே திசையில், பதினாறு வீடுகள். பதினாறு வாயிலும் ஒரே பக்கம். பதினாறு அடுப்பும் ஒரே மூலை. திசைதான் வாழ்வைத் தீர்மானிக்கிறதென்றால், பதினாறு குடும்பமும் ஒரே நாளில் செழித்து, ஒரே நாளில் நொடித்திருக்க வேண்டுமல்லவா? நான்காம் மாடியில் மருத்துவர் ஒருவர். ஒன்பதாம் மாடியில் கடன்பட்டு வருந்துபவர் ஒருவர். பதினோராம் மாடியில் நான்கு பிள்ளைகள். அதற்குக் கீழே தனித்து வாழும் மூதாட்டி. அடுப்பு மட்டும் அனைவருக்கும் அதே மூலையில் எரிகிறது! மூலைக்கு ஆற்றல் இருந்தால், அது மாடிக்கு மாடி மனம் மாறுவானேன்?

இனி, வியந்ததில் தலையாயதைச் சொல்கிறேன். அக்கட்டடங்களில் தரைத்தளத்தை வீடாக்காமல், தூண்கள் மட்டும் நிற்கத் திறந்து விட்டிருக்கின்றனர். 1970களில் பரவிய வழக்கம் அது. அங்கே ஒரு நாள் மலாய்க்காரர் திருமணம். பந்தல், பாட்டு, பிரியாணி மணம். மற்றொரு நாள் அதே இடத்தில் சீனர் ஒருவரின் இறுதிச் சடங்கு. வெள்ளை உடை, மெழுகுவத்தி, அழுகுரல். மாலையில் முதியோர் சதுரங்கம் ஆடுகின்றனர். திருமணம் நடந்த இடத்தில் பிணம் கிடப்பதா என்று எவரும் முகம் சுளிக்கவில்லை. வேற்று இனத்தாரின் பிணம் நம் வாயில் வழியே போவதா என்று எவரும் தடி எடுக்கவில்லை. சுடுகாட்டுப் பாதைக்கும் சாதி பார்த்துச் சண்டையிட்ட செய்திகளை நம் நாளேடுகளில் படித்துப் பழகிய எனக்கு, அந்த வெறுந்தளம் ஒரு பாடசாலையாகவே தோன்றிற்று.

அது தானாக அமைந்த நட்பன்று. சட்டத்தின் துணையும் அதற்கு உண்டு. வீடுகளை மறுவிற்பனை செய்யத் தொடங்கியபின், ஒவ்வோர் இனத்தாரும் ஒவ்வொரு வட்டாரத்தில் குவியலாயினர். 1989இல் ஒரு விதி வந்தது: எந்தக் கட்டடத்திலும், எந்த வட்டாரத்திலும், ஓர் இனம் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டலாகாது. சீனருக்குக் கட்டடத்தில் 87 விழுக்காடு, வட்டாரத்தில் 84 விழுக்காடு என்பது வரம்பு. மற்ற இனத்தார்க்கும் அவ்வவற்றிற்கேற்ற வரம்புகள்.

இங்கேதான் அறத்தின் கேள்வி முள்ளாய்க் குத்துகிறது. அண்டை வீட்டானைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கில்லையா? அன்பைச் சட்டம் போட்டு வளர்க்க முடியுமா? இக்கேள்விகளைத் தள்ளிவிடக் கூடாது. எண்ணிப் பார்த்து விடை கூற வேண்டும்.

அன்பைச் சட்டத்தால் வளர்க்க முடியாது, உண்மை. ஆனால் அச்சட்டம் அன்பு செய் என்று ஆணையிடவில்லை. உண்ணவும் மணக்கவும் வழிபடவும் எவரையும் வற்புறுத்தவில்லை. தனிச்சேரி கட்டாதே என்று மட்டுமே சொல்கிறது. அண்டையாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது கேட்க இனிமையான சொல். ஆனால் அது எப்போதும் வலியவன் கையிலேயே வாளாகிறது. வலியவன் தேர்ந்தெடுக்கிறான், எளியவன் தள்ளப்படுகிறான். ஒருவன் உரிமை மற்றவனுக்குச் சேரியாகிறது. வாடகை வீடு தேடிச் செல்லும்போது, பெயரைக் கேட்டபின் ஊரைக் கேட்டு, ஊரைக் கேட்டபின் தெருவைக் கேட்டு, தெருவைக் கேட்டபின் "வீடு காலி இல்லை" என்று கதவடைக்கும் கலையில் தேர்ந்தோர் நம்மிடையே எத்தனை பேர்! அந்தக் கதவடைப்பையும் உரிமை என்று போற்றச் சொன்னால், போற்ற என்னால் இயலாது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. சீனர் விகிதம் வரம்பைத் தொட்டுவிட்ட கட்டடத்தில், தமிழர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் கூட்டம் சிறுகுகிறது, விலையும் இறங்குகிறது. ஒற்றுமையால் வரும் நன்மை எல்லார்க்கும். அதன் விலையோ சிறுபான்மையோர் தோளில்! இது முறையா? முறையன்று. 2022இல், தகுதியுள்ள அத்தகையோரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தது, அந்தக் குறையை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். நல்ல நோக்கம் இருந்தால் போதாது. சுமையைச் சமமாகப் பகிர்வதே அந்த நோக்கத்துக்குச் சான்று.

திருத்திக்கொள்ளும் பண்பு அவ்வீடுகளில் வேறிடத்தும் உண்டு. பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளில் மட்டுமே நிற்கும். கட்டியபோது செலவு மிச்சம். குடிபுகுந்த இளைஞர் முதியவரானார், முழங்கால் நொந்தது, மிச்சம் பிடித்த காசு வலியாகத் திரும்பி வந்தது. 2001 முதல், பழைய கட்டடங்களில் இயன்றவரை எல்லா மாடியிலும் நிற்கும்படி மின்தூக்கிகளை மாற்றி அமைத்தனர். "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான்" என்று எவரும் கூறவில்லை. மரபு என்று பெயரிட்டுப் பிழையைப் பூசிக்கவில்லை.

இன்னும் ஒன்று. பழைய சிங்கப்பூரின் கடைவீடுகளுக்குப் பின்னே சந்துகள் உண்டு. அச்சந்து வழியே மலக்கூடை சுமந்து சென்றனர் மனிதர். வீட்டின் வரைபடத்தில் ஒரு சந்து வரையப்பட்டதும், அந்தச் சந்திலே ஒரு மனிதனின் வாழ்வும் வரையப்பட்டுவிட்டது! 1987 சனவரியில் அம்முறை அங்கே முற்றிலும் ஒழிந்தது. ஊருக்கெல்லாம் குழாய் போயிற்று, கூடை ஒழிந்தது. நம் நாட்டில் 1993இல் ஒரு சட்டம், 2013இல் மற்றொரு சட்டம். ஆயினும் கழிவுநீர்க் குழியில் இறங்கி மூச்சடைத்து மாளும் செய்தி ஓய்ந்தபாடில்லை. ஆயிரம் மேடையில் மனித நேயம் பேசியும் அகலாத கூடையை, ஒரு குழாய் அகற்றுகிறது. வடிவமைப்புக்கு அறம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதுவரை சொன்னவை புகழ்மொழி. இனிச் சொல்வது அதன் நிழல்.

1990களின் இறுதியிலிருந்து கட்டப்படும் அவ்வீடுகளில், போர்க்காலத்தில் ஒதுங்குவதற்கென ஒரு சிறு காப்பறை உண்டு. தடித்த சுவர், எஃகுக் கதவு, சன்னல் இல்லை. நண்பர் அதில் அரிசியும் பெட்டியும் அடுக்கியிருந்தார். வேறு சில இல்லங்களில் அதில் படுத்துறங்குவது யார் தெரியுமா? வீட்டு வேலைக்கெனக் கடல் கடந்து வந்த பெண்! காற்றும் வெளிச்சமும் கணக்கிட்டுப் பங்கிடப்பட்ட அதே வீட்டில், அவள் பங்குக்கு எஃகுக் கதவு. வரைந்தவர் அவளை எண்ணி வரையவில்லை. அதனால்தான் அவளுக்கென ஓர் இடமில்லை. மாதத்தில் ஒரு நாளேனும் காசு கொடுத்துப் பறிக்கவியலாத ஓய்வு நாள் வேண்டும் என்பதே 2023இல்தான் விதியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலையில் என் இரண்டாம் நண்பரைக் கண்டேன். தோளில் கை போட்டுக்கொண்டு, தொலைவில் தெரிந்த மாடிகளைக் காட்டி, "அதுமாதிரி மூணு கட்டடத்துக்கு நான் கம்பி கட்டியிருக்கேன்டா" என்றார். குரலில் பெருமை இருந்தது, இருக்க வேண்டியதே. "உன் அறை எப்படி?" என்று கேட்டேன். "பன்னிரண்டு பேர். இரட்டை அடுக்குக் கட்டில். பெட்டி கட்டிலுக்கு அடியில" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கட்டடத் தொழிலுக்கென வேலை அனுமதி பெற்று வந்த இந்தியத் தொழிலாளி, அந்தப் பொது வீடுகளை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்க விதி இடம் தராது. மனைவி மக்களை உடன் அழைத்து வந்து வாழவும் அந்த அனுமதியில் வழியில்லை. கம்பி கட்டியவன் கை, கதவைத் திறக்கும் கை ஆகாது!

2020இல் கொரோனா வந்தது. சுவர்கள் மறைத்ததை நோய் வெளிப்படுத்திற்று. விடுதிகளில் தங்கியிருந்த தொழிலாளர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தொற்று தொட்டிருந்தது. அடுத்த ஆண்டு, புதிய விடுதிகளுக்குப் புதிய அளவு வகுத்தனர்: ஓர் அறையில் 12 பேருக்கு மேல் இல்லை, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம். அதாவது 45 சதுர அடி. முன்னேற்றம்தான்; மறுக்கவில்லை. ஆனால் 970 சதுர அடியில் நால்வர் வாழ்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 240 சதுர அடி. இருவர்க்கும் உடல் ஒன்றே, உறக்கம் ஒன்றே, ஊரை நினைத்து வரும் கண்ணீரும் ஒன்றே. அளவு மட்டும் ஐந்து மடங்கு வேறுபடுவானேன்?

"விருந்துண்ட வீட்டைக் குறை கூறலாமா?" என்று சிலர் கேட்பர். குறை கூறவில்லை, வியந்ததை முழுமையாக்குகிறேன். அவர்கள் செய்தது பெரிது என்பதனாலேயே, செய்யாது விட்டது கண்ணில் படுகிறது. இருள் நிறைந்த வீட்டில் ஒரு மூலை இருண்டிருந்தால் தெரியாது. ஒளி நிறைந்த வீட்டில்தான் தெரியும். நம் நாட்டைப் பார்த்து அவர்களைப் பழிப்பதற்கும் நமக்குத் தகுதியில்லை. நம் நகரங்களில் மாடிகளுக்கு மண் சுமப்பவர் குடும்பம், அந்த மாடியின் நிழலிலேயே தகரக் கொட்டகையில் கிடக்கிறது.

ஆகவே, இளந்தோழர்களே, ஒரு வீட்டைக் கண்டு வியக்கும்போது மூன்று கேள்விகளை உடன் எடுத்துச் செல்லுங்கள். இந்த வீட்டில் மிகக் குறைந்த காற்று எவர் பங்கு? இதன் வாயிலில் நுழையக் கூடாதவர் எவர்? இதைக் கட்டியவர் இன்றிரவு எங்கே உறங்குகிறார்? பளிங்குத் தரையும் பட்டுத் திரையும் இக்கேள்விகளுக்கு விடை கூறா. விடை கூற வல்லது வரைபடம் ஒன்றே. உங்களில் சிலர் பொறியாளர் ஆவீர். சிலர் மன்றங்களில் அமர்வீர். பெரும்பாலோர் என்றேனும் ஒரு நாள் கடனோ உடனோ பட்டு இரண்டு அறை கட்டுவீர். சோதிடரிடம் மூலை கேட்கும் முன்பு, சமையலறைக்குச் சன்னல் வையுங்கள். வேலைக்கு வருபவர்க்கும் அமர ஒரு நாற்காலி போடுங்கள். வாடகைக்கு வருபவரிடம் சாதி கேளாதீர்கள். சிறியவைதாம், ஆனால் சுவர் பல தலைமுறை பேசும், நாம் ஒரு தலைமுறையே பேசுவோம்.

வானத்து வீட்டை எவர் வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளட்டும். மண்ணில் ஒவ்வொருவர்க்கும் ஒரு சன்னல், ஒரு கதவு, அந்தக் கதவின் திறவுகோல் அவரவர் கையில் — நாம் கேட்கும் வீடுபேறு இவ்வளவே.